தவிடு ஒட்டாத மூட்டை

மில்லுக்காரச் சரோஜா அக்கா காலமாகிவிட்டார் என்ற செய்தி ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் செய்தியைப் படித்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார். நானும் அவிழ்த்தேன். நெல்லை வெட்டவெளியில் விட்டுவிட்டு வந்தால் அக்காவே திட்டியிருப்பார். எடை போட்ட பிறகுதான் துக்கத்துக்குப் போனேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அரவை மில்லை இருபது வருஷத்துக்கு மேல் நடத்தியவர் அவர். கணவர் இறந்ததும் மில்லை விற்றுவிடுவார் என்று நாங்களெல்லாம் பேசினோம். அவரோ பெல்ட்டை மாற்றி மோட்டாரைப் போட்டுவிட்டார். எந்த வீட்டு நெல் எப்போது வரும் என்பது அவருக்கு மனப்பாடம். "அரைக்க வராத வீடுதான் எனக்குக் கவலை" என்பார். வியாபாரப் பேச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு தை அறுவடையில், மழைக்குப் பயந்து, இயந்திரம் கொட்டிய நெல் முழுவதையும் டிராக்டரில் நேராகக் கொள்முதலுக்கு அனுப்பிவிட்டேன். சாப்பாட்டுக்கென்று ஒரு மூட்டைகூட வீட்டில் இறக்கவில்லை. கடையில் அரிசி கிடைக்காதா என்ற துணிச்சல். வந்த பணம் மகளின் கல்லூரிக்குப் போனது. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வராததால் அடுத்த போகமான குறுவையைப் போடவே முடியவில்லை. ஆடி, ஆவணியில் ரேஷன் அரிசி பாதி மாதத்தோடு தீர்ந்துபோனது.

விவசாயி கடையில் அரிசி வாங்குவதை ஊர் பார்த்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனாலும் நான் நீடாமங்கலம் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, எங்கள் பழைய சாக்கில் மாற்றிக் கட்டி, மில்லில் அரைத்து வருவதுபோல் வண்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். அந்தப் புத்திசாலித்தனத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மூன்றாவது தடவை அக்கா மில் வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சாக்கைக் கையால் தடவிப் பார்த்தார்.

"மில்லு மூட்டைன்னா தவிடு ஒட்டும் தம்பி. இது குளிச்சுட்டு வந்த மாதிரில்ல இருக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுல எத்தனை கோழி வளக்குறீங்க?" என்று கேட்டார்.

கோழியே இல்லை என்றேன்.

"மல்லிகா ரெண்டு மாசமா கோழிக்குன்னு சொல்லி எங்கிட்ட குருணை வாங்கிட்டுப் போவுது."

மல்லிகா என் மனைவி. எனக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட்டு அனுப்பிவிட்டு, அந்த நொறுங்கிய அரிசியில் கஞ்சி காய்ச்சிக் குடித்திருக்கிறாள். நான் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன், அவள் என்னை. மில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு வெட்கம் அதற்கு முன் நான் பட்டதில்லை.

அக்கா உள்ளே திரும்பி ஆளைக் கூப்பிட்டார். தன் வயல் நெல்லை அரைத்து வைத்திருந்ததில் இரண்டு மூட்டையை என் வண்டியில் ஏற்றச் சொன்னார். அடுத்த தையில் கூப்பிடாமலே எங்கள் வயலுக்கு வந்து, டிராக்டருக்கு முன்னால் நின்றுகொண்டார். "முத நடை வீட்டுக்கு. கொள்முதல் எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். பிறகு எத்தனையோ வயல்களில் அவர் அப்படி நின்றதும், எங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியதும் ஊருக்கே தெரியும். எங்கள் தெருவில் இன்று அரைக்கப் போகாத வீடு இல்லை.

துக்கத்துக்குப் போய்வந்து தலை முழுகிய பிறகு மல்லிகா எனக்குச் சோறு போட்டாள். பானையில் அவளுக்கு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அன்று மில் வாசலிலிருந்து எழுந்து வந்த நாள் முதல் அப்படிப் பார்க்காமல் நான் சாப்பிட்டதில்லை. அக்கா எனக்கு விட்டுப் போனது அதுதான்.