மூன்றாவது போல்ட்

தொண்ணூறுகளின் நடுவில், பாலிடெக்னிக்கில் படித்தபோது, எனக்கு ஒரு எதிரி இருந்தான். அம்பத்தூர்ப் பக்கத்து இன்னொரு பாலிடெக்னிக்கின் ரோபோ அணித் தலைவன். அவன் மூக்கை உடைக்க வேண்டும் என்று ஒரு வருடம் முழுக்கக் கறுவிக்கொண்டிருந்தேன்.

காரணம் உண்டு. பூந்தமல்லிக்கு அருகே ஒரு கல்லூரியில் போட்டி. பந்தை எடுத்துக் கூடையில் போட வேண்டும். ரோபோ என்று நாங்கள் கொண்டுபோனது, இரும்புச் சட்டத்தில் இரண்டு கார் வைப்பர் மோட்டார் பூட்டிய வண்டி. நேராக நன்றாகத்தான் ஓடியது. திருப்பியதும் ஒயர் உருகிப் புகை கிளம்பியது. கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து அவன் கத்தினான்: "இன்னாடா, ஊதுவத்தி கொளுத்திகினு வந்துகீறாங்க!" அரங்கமே சிரித்தது. ஷிப்டை மாற்றிக்கொண்டு என் அப்பா பார்க்க வந்திருந்தார். ஆவடி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் என்னை விட்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தவறை நானே கண்டுபிடித்தேன். அந்த மோட்டார்களில் மைனஸுக்குத் தனி ஒயர் கிடையாது; மோட்டாரின் உடம்பே மைனஸ். வண்டியைத் திருப்ப ஒன்றை மட்டும் பின்னோக்கிச் சுற்றவிட்டால் அதன் உடம்பு பிளஸ் ஆகிவிடும். இரண்டும் ஒரே இரும்பில் உட்கார்ந்திருந்தால் ஷார்ட்தான். ஒரு மோட்டாருக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டு, அதன் மூன்று போல்ட்டுக்கும் பிளாஸ்டிக் குழாயும் வாஷரும் மாட்டினால் தீர்ந்தது.

அடுத்த வருடம் அதே கல்லூரி. அவனும் புதிதாக வைப்பர் மோட்டாருக்கு மாறியிருந்தான். காலையிலேயே பார்த்துவிட்டேன்: வெறும் இரும்பு, வெறும் போல்ட். வாயைத் திறக்கவில்லை. ஒத்திகை ஓட்டத்தில் அவன் வண்டி திரும்பியது; புகைந்தது. சும்மா சொல்லக்கூடாது, வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் அந்தப் போட்டியில் ஒரு வழக்கம். ஓர் அணி கைதூக்கி உதவி கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் எந்த அணியாக இருந்தாலும் போய்ச் செய்ய வேண்டும். அவன் கை தூக்கினான். என் அணிக்காரன் ஒருவன், நல்லவன், படுபாவி, என் கையைப் பிடித்து இழுத்தான். "எய்ந்து வா. இத்த உன்ன வுட்டா யாருக்குத் தெரியும்?"

போனேன். எதிரியின் வண்டிக்கு முன்னால் மண்டிபோட்டு டியூப் வெட்டினேன். இரண்டு போல்ட்டுக்குக் குழாயும் வாஷரும் போட்டேன். மூன்றாவதை வெறுமனே முறுக்கினேன். மறதியல்ல. இறுதிச் சுற்றில், எல்லோர் கண்ணெதிரிலும் அது மறுபடி புகைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டே முறுக்கினேன்.

ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க அவன் நண்பன் டெஸ்ட் பல்போடு குனிந்தான். எதிரி தடுத்தான். "வுட்றா. அவங்க போட்டா கரீட்டாத்தான் இருக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. சோதித்துத் தொலைத்திருக்கலாமே! மாட்டிக்கொண்டிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "கொஞ்சம் லூசா இருக்கு" என்று பொய் சொல்லி, அந்த போல்ட்டைக் கழற்றிக் குழாயும் வாஷரும் போட்டேன்.

இரண்டு பந்து வித்தியாசத்தில் எங்களைத் தோற்கடித்தார்கள்.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அவன் என்னிடம் வந்தான். "ரொம்ப டேங்ஸ்ங்க. போன வருசம் நீங்க வர்லியா? ஒரு டீமு வண்டி இதே மாரி பொகைஞ்சு நின்னுச்சு. பாவம், யாருன்னே தெர்ல. நீங்க இருந்திருந்தா அவங்களுக்கும் சொல்லிக் குட்த்திருப்பீங்க."

ஒரு வருடம். தினமும் அந்த முகத்தை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அவனுக்கு என் முகமே தெரியவில்லை.

"வரல" என்றேன்.