நான் விரட்டிய புறா

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நடந்தது இது. என் பிள்ளைகளிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை. எழுத உட்கார்ந்த இந்த நேரத்திலும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வேலை போக மீதி நேரமெல்லாம் அவருக்கு, தொலைவில் விட்டால் வீடு தேடிப் பறந்து வரும் பந்தயப் புறாக்களோடுதான். நான் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. எனக்குப் புறா என்றாலே எரிச்சல். காயப்போட்ட துணியில் எச்சம், வாசலில் தீனி மூட்டை, ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போக முடியாது. சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

அந்த வருடம் புதிய கிரேனில் பயிற்சி என்று கம்பெனி அவரை ஜொகூருக்கு அனுப்பியது. இடையில் ஒரு முறை மட்டும் வீட்டுக்கு வரலாம். அப்போது பந்தயம் முடிந்து புறாக்கள் இறகு உதிர்க்கும் காலம். பழைய இறகுகள் ஒவ்வொன்றாக விழுந்து புதிதாக முளைக்கும். அந்தப் புது இறகை வைத்துக்கொண்டுதான் அடுத்த பந்தயக் காலம் முழுக்க அவை பறக்க வேண்டும். அதனால் அந்த மாதங்களில் தொந்தரவு செய்யாமல், நல்ல தீனி போட்டு, கூண்டை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் எவ்வளவு பட்டாணி, எவ்வளவு சோளம், வாரத்தில் எந்த இரண்டு நாள் குளிக்கத் தண்ணீர் வைப்பது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனார். கடைசி வரி பெரிய எழுத்தில் இருந்தது: நீயாக எந்த மருந்தும் கொடுக்காதே.

இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் போனது. மூன்றாவது வாரம் விடாத மழை. பள்ளி விட்டு ஒரு மணிக்கு வந்து பார்த்தால், நான்கைந்து புறாக்கள் உடம்பை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தன. எச்சம் பச்சையாக, தண்ணீராக இருந்தது. தீனியைக் கொத்திவிட்டு விழுங்காமல் கீழே போட்டன.

அவருக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. சொன்னால் பயிற்சியைப் போட்டுவிட்டு ராத்திரியே பஸ் ஏறிவிடுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், 'உன்கிட்ட விட்டுட்டுப் போனேன் பாரு' என்று அவர் வாயால் கேட்கப் பயந்தேன். கிள்ளானில் ஒரு கடைக்குப் போய், "இருக்கறதிலேயே ஸ்ட்ராங்கான மருந்தா குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்து, இருபத்திரண்டு புறாக்களுக்கும் தண்ணீரில் கலந்து வைத்தேன். அன்று இரவு அவர் வீடியோ காலில் வந்தபோது, "எல்லாம் நல்லா இருக்குலா" என்றேன்.

மூன்றாம் நாள் ஒன்று செத்துக் கிடந்தது.

பெட்டாலிங் ஜெயாவில் பறவைகளைப் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருப்பதாகத் தெரிந்து போன் செய்தேன். அடுத்த வாரம்தான் நேரம் என்றார்கள். பிறகு எனக்குத் தெரிந்து புறா வைத்தியம் அறிந்தவர் ஒரே ஒருவர்தான் மிச்சம். அவருடைய நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன். என் கணவருக்குப் பத்து வருட நண்பர். எங்கள் புறாக்கூண்டின் பலகையை அடித்ததே அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான். ஆனால் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதற்குக் காரணம் ஒரு புறா. இன்னும் சரியாகச் சொன்னால், நான்.

எங்கள் கூண்டில் பிறந்து வளர்ந்த ஆண் புறா ஒன்றை என் கணவர் அவருக்குக் கொடுத்திருந்தார். அது அவரிடம் போய் நன்றாகப் பறந்தது. ஒரு பந்தய நாள் மாலை, வழியில் எங்கோ மழையில் நனைந்து களைத்துப்போன அந்தப் புறா, அவர் வீட்டுக்குப் போகாமல் பிறந்த இடத்தைத் தேடி எங்கள் கூண்டுப் பலகையில் வந்து உட்கார்ந்தது. கணவர் புறாப் பந்தயச் சங்கத்துக்குப் போயிருந்தார். அன்றைக்கு இரண்டாவது முறையாகத் துணிகளை அலசிப் போட்டுவிட்டு நின்றிருந்த எனக்கு அதைப் பார்த்ததும் கோபம் வந்தது. துடைப்பத்தை ஓங்கி விரட்டினேன். அது பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தத்தித் தத்திப் போனது. மறுநாள் காலையில் கால்வாய் ஓரத்தில் பூனை தின்ற மிச்சமும், கால் வளையமும்தான் கிடந்தன.

வளையத்தை என் கணவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குள் யாரோ அந்த அண்ணனிடம், உங்கள் புறா அந்த வீட்டில்தான் இறங்கியது என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று மாலை எங்கள் வாசல் கேட்டில் நின்று அவர் கேட்டார், "பொறாமையில விரட்டி விட்டுட்டியாடா?" என் கணவருக்கு ஒன்றும் தெரியாது. பதிலுக்கு அவரும் வாய்க்கு வந்ததைச் சொன்னார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போய் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு சொல்வதற்கு எனக்கு வாயே வரவில்லை.

இப்போது அவருக்குத்தான் போன் செய்தேன். "அண்ணே, அவர் ஊர்ல இல்ல. புறாங்க செத்துப் போவுது" என்றேன். "மூணு மணிக்கு வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

சொன்ன நேரத்துக்கு வந்தார். வீட்டுக்குள் வராமல் பக்கவாட்டு வழியாக நேரே கூண்டுக்குப் போனார். முதலில் புறாவைத் தொடவில்லை. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கி உள்ளே விரலை விட்டுத் தேய்த்துக் காட்டினார். விரல் நுனியில் பச்சையாக வழுவழுவென்று ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, இதைக் கழுவி எத்தனை நாள் ஆச்சு?"

நான் கழுவவே இல்லை. குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். தாளில் அது எழுதப்படவில்லை. தினமும் கழுவ வேண்டும் என்பதை எழுதித் தர வேண்டும் என்று என் கணவர் நினைத்திருக்க மாட்டார்.

பிறகு ஒவ்வொரு புறாவாகப் பிடித்து அலகைத் திறந்து பார்த்தார். ஐந்து புறாக்களின் தொண்டையில் கெட்டித் தயிர் போல மஞ்சளாக ஒன்று படிந்திருந்தது. தண்ணீர் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுவதாம். நான் கலந்து வைத்த மருந்துப் பொட்டலத்தை வாங்கிப் படித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இது வயித்துப் பூச்சிக்குக் குடுக்குற மருந்து. இந்த நோய்க்குக் கேக்காது. இறகு மொளைக்கிற நேரத்துல இதையெல்லாம் குடுத்தா வர்ற இறகும் கெட்டுப் போயிரும். நோய் உள்ளதுக்கு மட்டும் மாத்திரை, மத்ததுக்குச் சுத்தமான தண்ணி. அவ்ளோதான்."

ஐந்தையும் தனிப் பெட்டிகளுக்கு மாற்றினார். ரொம்ப மோசமாக இருந்தது ஒரு சாம்பல் நிறப் பெண் புறா. அதைக் கையில் எடுத்து, கழுத்து இறகை விலக்கி, கால் வளையத்து எண்ணைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது அதோட கூடப் பொறந்ததுல்ல?"

எந்த 'அது' என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. என்னையறியாமல் சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னிக்கு அந்தப் புறாவை விரட்டினது நான்தான். அவருக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ புறாவின் அலகைத் திறந்து, மாத்திரையை உள்நாக்குவரை வைத்து, தொண்டையை மெல்லத் தடவி விழுங்க வைத்தார். அதைப் பெட்டியில் விட்டார். குழாயடியில் போய் ரொம்ப நேரம் கை கழுவினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"புறா போனது போவட்டும். உங்க வீட்டுக்காரரை நான் சங்கத்துல எத்தனை பேரு முன்னாடி என்னென்ன பேசினேன் தெரியுமா? அந்த மனுஷன் ஒரு தப்பும் செய்யல."

மாத்திரை அட்டையைச் சுவர்மேல் வைத்துவிட்டு, "அஞ்சு நாள், ஒரு நாளைக்கு ஒன்னு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளும் வருவார் என்று மூன்று மணிக்குக் காத்திருந்தேன். மூன்றரை ஆனது. நான்கானது. அவர் வரவில்லை. வேறு வழியில்லாமல் நானே சாம்பல் புறாவைக் கையில் எடுத்தேன். அத்தனை வருடத்தில் நான் ஒரு புறாவைக் கையில் பிடித்தது அதுதான் முதல் தடவை. அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. உடம்பெல்லாம் முளைத்துக்கொண்டிருக்கும் இறகுகளின் குருத்துகள், அழுத்தினால் வலிக்குமோ என்று பயமாக இருந்தது. முதல் மாத்திரையைத் துப்பிவிட்டது. இரண்டாவது உள்ளே போனது. ஐந்துக்கும் கொடுத்து முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. முடித்ததும் கூண்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த இரண்டு நாளும் நானே கொடுத்தேன். ஐந்தில் ஒன்று இறந்தது. தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலையும் மாலையும் தேய்த்துக் கழுவினேன்.

ஐந்தாம் நாள் அவர் வந்தார். "மருந்து குடுத்தீங்களா?" என்றார். "குடுத்தேண்ணே" என்றேன். ஒவ்வொரு தொண்டையாகப் பார்த்தார். மஞ்சள் படிவு கரைந்திருந்தது. சாம்பல் புறா அவர் கையைக் கொத்தப் பார்த்தது. அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. கிளம்பும்போது கேட்டில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் அவர்கிட்ட ஒன்னும் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

என் கணவர் இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். பையை வைத்ததும் நேரே கூண்டுக்குத்தான். சாம்பல் புறாவை எடுத்து இறக்கையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். புதிதாக வளர்ந்த பெரிய இறகுகளில், பிளேடால் லேசாகக் கீறியது போலக் குறுக்கே ஒரு மெல்லிய கோடு ஓடியது.

"இந்த இறகு வளர்றப்ப இதுக்கு என்னமோ ஆயிருக்கு. என்ன நடந்துச்சு?"

முதலில் நோயைச் சொன்னேன். மருந்தைச் சொன்னேன். செத்துப்போன இரண்டையும் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு கணம் மனம் சொன்னது. நிறுத்தவில்லை. யார் வந்து காப்பாற்றினார் என்று சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த மாலையையும், துடைப்பத்தையும், ஜன்னல் திரையையும் சொன்னேன்.

அவர் புறாவை விட்டுவிட்டுக் கூண்டின் தரையைச் சுரண்ட ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரை அது. அன்றும் மறுநாளும் என்னோடு பேசிய மொத்தப் பேச்சு, "ரசத்துல உப்பு இல்ல" என்பது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. மதியம் தாண்டித்தான் வந்தார். கையில் ஒரு பொட்டலம். அந்த அண்ணன் கடை பிரியாணி. மேசையில் வைத்துவிட்டு, "உனக்குக் குடுத்து விட்டாரு" என்றார். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே ஒரு விஷயம் பின்னால் சங்கத்தில் இருந்த இன்னொருவர் சொல்லித் தெரிந்தது. அடுத்த கூட்டத்தில் அந்த அண்ணன் எழுந்து, என் கணவரைப் பற்றித் தான் சொன்னதெல்லாம் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம். ஏன் தப்பு, யார் செய்தது என்று கேட்டதற்கு, அது எனக்குத் தெரியும், போதும் என்று உட்கார்ந்துவிட்டாராம். என் பெயரை அவர் எடுக்கவில்லை.

அவர்கள் நட்பு பழையபடி ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான். முழுதாக ஆகவில்லை. முன்பெல்லாம் அந்த அண்ணன் கூப்பிடாமலே வந்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். இப்போது போன் செய்துவிட்டு வருகிறார், டீ குடித்ததும் கிளம்பிவிடுகிறார். அந்த இரண்டு வருடம் போனது போனதுதான். சாம்பல் புறாவை என் கணவர் அடுத்த பந்தயக் காலம் முழுவதும் பறக்க விடவில்லை. கோடு விழுந்த இறகு நெடுந்தூரத்தில் ஒடிந்துவிடும் என்றார்.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லையே, சும்மாதானே இருந்தேன் என்று இரண்டு வருடம் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல மனிதர் தன் நண்பரைப் பற்றி ஊர் முழுக்கத் தவறாகப் பேச வைத்தது என்னுடைய அந்தச் சும்மா இருத்தல்தான் என்பதை நினைக்கும்போது, அவர் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிய அந்தச் சில நிமிடங்கள் இன்றைக்கும் என்னைத் தலைகுனிய வைக்கின்றன.