பதினெட்டாவது வரி

விளக்கெண்ணெய் வாசனை வந்தால் எனக்கு இன்றும் கால்பந்துதான் ஞாபகம் வரும்...

பழைய தோல் பந்து. உப்புக் காற்றில் தையல் விட்டுப் போகாமல் இருக்க, அண்ணா ரகு வாரம் ஒருமுறை மந்தைவெளி வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து அதற்கு எண்ணெய் தேய்ப்பான். “தன் தலைக்குத் தேச்சுக்க மாட்டான். பந்துக்கு மட்டும் வாராவாரம் எண்ணெய்க் குளியல்” என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

நான் அப்போது எம்.எஸ்சி. முதல் வருடம். கால்பந்தில் பெரிய நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ரகுதான் கிளப்புக்குச் செக்ரட்டரி. அதனால் கிளப்பின் பேப்பர் வேலையெல்லாம் என் தலையில்.

சாந்தோம் மணலில் பிராக்டிஸ் செய்கிற கிளப். சிட்டி லீக்கில் கீழ் டிவிஷன்களில் ஒன்றில் இருந்தோம். முந்தைய வருடம் கடைசி மேட்சை டிரா செய்து, இன்னும் கீழே இறங்காமல் தப்பித்திருந்தோம்.

அந்த வருடம் தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கொஞ்சம் பணம் கொடுத்தார். வந்தது வினை.

பிராக்டிஸ் முடிந்து வந்து எங்கள் காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்து பேசுவார்கள். மேலே பால்கனியில் எனக்கு எல்லாம் கேட்கும். வீட்டில் ஒரு தமிழ் பேசும் ரகு, அங்கே முழுக்க வேறு தமிழுக்கு மாறிவிடுவான்.

“ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர் மச்சி! அந்தத் துரை மட்டும் வந்தான்னு வை, அடுத்த வருசம் மேல் டிவிஷன்ல கீறோம்.”

“மேல போறது இருக்கட்டும் நைனா. மொதல்ல கீழ எறங்காம பாரு.” இது சேவியர், எங்கள் டிஃபென்டர். நொச்சிக்குப்பத்துக்காரர். விடிவதற்கு முன் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு, சாயங்காலம் பந்தாட வருவார். “கோலியோட கிளவுஸ் கிழிஞ்சி தொங்கினு கீது. பாதிப் பேருக்கு பூட்ஸ் இல்ல. அத்த வாங்கு.”

“பூட்ஸா கோல் போடும்?”

“பூட்ஸ் இல்லாத காலு போடுமா?”

சுவர் முழுக்கச் சிரித்தது. ஆனாலும் ரகுதான் ஜெயித்தான். வடசென்னையில் துரை கோல் மேல் கோல் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வருகிறேன் என்றவன் முதலில் கேட்டது வெளிநாட்டு பூட்ஸ், பத்தாம் நம்பர் சைஸில். ரகு அதை முன்கூட்டியே வாங்கிக் கொடுத்துவிட்டான்; வந்த பணத்தில் முக்கால்வாசி அதற்கே போயிற்று.

லீக் பட்டியலில் பதினெட்டுப் பேருக்குத்தான் இடம். துரை வந்தால் ஒருவர் போக வேண்டும்.

“சேவியரை எடுத்துடு. ஸ்பீடே இல்லை அவன்ட்ட” என்றான் ரகு, கடைசித் தேதிக்கு முந்தின சாயங்காலம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் போன வாரம்தான் சேவியர் கேட் அருகே நின்று ஒரு விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்திருந்தார், இங்கிலீஷில் நிரப்பித் தரச் சொல்லி.

“ஸ்போர்ட்ஸ் கோட்டால ஆபீஸ் வேல தங்கச்சி. இந்த வருச லிஸ்ட்ல பேர் இருந்தாத்தான் ட்ரையலுக்கே கூப்புடுவான். ரகு கைல சொல்லாத. வேலைக்கோசரம் ஆடறேன்னு நெனைச்சுக்குவான்.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது என்ன செய்ய? கையில் பேனா. கிளப்புக்கு ஒரே ஒரு படிவம்தான் தருவார்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த வரியே செல்லாது.

பதினேழு பெயர்களை எழுதிவிட்டு நிறுத்தினேன்.

“புதுசா வர்றவன் கையெழுத்துப் போட்டாகணுமே, துரையோடது எங்கே?”

“நாளைக்கு லீக் ஆபீஸ்ல வந்து போடறேன்னு சொல்லிருக்கான். நீ எழுதுடி.”

“வரட்டும். வந்து போட்டப்புறம் எழுதறேன்.”

“நம்பிக்கையே கிடையாதா உனக்கு?”

“கிடையாது.”

அன்று அவன் என்னோடு பேசவில்லை. மறுநாள் படிவத்தோடு என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு லீக் ஆபீஸுக்குப் போனான்.

ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடுவார்கள். மூன்று மணியிலிருந்து வராந்தாவில் நின்றோம். நாலு... நாலரை... துரை வரவில்லை. உள்ளேயிருந்து கிளார்க் எட்டிப் பார்த்தார்.

“யாருக்கு வெயிட்டிங்? துரைக்கா? அவன் காலையிலயே வேற கிளப்புக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டானே சார்!”

ரகுவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பேனா மூடியைத் திறந்து, பதினெட்டாவது வரியில் ‘சேவியர்’ என்று எழுதினேன். படிவத்தைக் கிளார்க்கிடம் நீட்டினேன். அப்பாடா என்றிருந்தது.

திரும்பும்போது மயிலாப்பூரில் வண்டியை நிறுத்தி எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

பூட்ஸ் மட்டும் திரும்பி வரவேயில்லை. அதைப் போட்டுக்கொண்டு துரை எங்களுக்கு எதிராகவே இரண்டு கோல் போட்டான்! அந்த வருடமும் கடைசி மேட்ச் வரை இழுத்துக்கொண்டு போய், கீழே இறங்காமல் தப்பித்தோம். கோலி அதே கிழிந்த கிளவுஸோடு, சேவியர் நடுவில் சுவர் மாதிரி.

சேவியருக்கு வேலை கிடைத்தது. ஆர்டரோடு வீட்டுக்கு வந்து அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ரகு என்னைப் பார்த்து, “ஏண்டி எங்கிட்ட சொல்லலை?” என்றான். “சொல்லமாட்டேன்னு சொல்லியிருந்தேன்” என்றேன்.

இப்போது ரகு அடையாறில் இருக்கிறான். பழைய கிளப் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. எழுத்து வேலைக்காக என்னையும் சேர்த்தார்கள், விடவே இல்லை. கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு கிளப் எத்தனை கோடிக்கு யாரை வாங்க வேண்டும் என்று தினமும் சண்டை. அவர்கள் எவருமே பார்த்திராத ஊர், பார்க்கப் போகாத பணம்.

நேற்று ரகு எழுதியிருந்தான்: “ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர் வந்தாப் போதும். கப்பு நமக்குத்தான்.”

சேவியர் இப்போது சீனியர் சூப்பரின்டென்டன்ட், அடுத்த வருடம் மகளுக்குக் கல்யாணம். உடனே பதில் போட்டார்:

“மொதல்ல லீக்ல நாலாவது எடம் வரட்டும் நைனா. அவன் கையெழுத்து போட்டானா, தங்கச்சிய கேட்டுக்கோ.”

நான் குரூப்பில் எதுவும் எழுதுவதில்லை. நேற்று மட்டும் எழுதினேன்.

“இன்னும் போடலை.”