கறுப்புச் சட்டியும் பொம்பா வண்டியும்

பிரிக்ஃபீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டுக்கு எதிர் வீட்டில் கொலம்பியா நாட்டுப் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவனுக்கு இங்கே எண்ணெய்க் கம்பெனியில் வேலை. அவள் வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறாள். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, பகல் முழுக்க வீட்டில்தான். அதனால் இரண்டு கதவுகளும் எப்போதும் திறந்தே கிடக்கும். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் தொடங்கிப் பாதி வழியில் மலாய்க்குப் போய்விடும். மாடியில் மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை ‘அக்கா’ என்பாள்.

அவளிடம் ஒரு கறுப்பு மண்சட்டி இருந்தது. மெழுகு போட்டுத் துடைத்த கார் மாதிரி பளபளவென்று இருக்கும். சாயம் பூசியதோ என்று முதலில் நினைத்தேன். இல்லையாம். அவள் ஊர் ஆற்றங்கரையில் பூர்வகுடிப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவரும் முறை அது. சக்கரம் கிடையாது, எல்லாம் கைவேலை. கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு வருகிறது, சூளைப் புகையால் கறுப்பு வருகிறது. இப்போதும் ஊரில் வீட்டுக்கு வீடு அதே வேலைதான், லோரி லோரியாக வெளியூர் போகிறது என்றாள். அந்தச் சட்டி அவள் சித்தி செய்து கொடுத்தது.

ஒரு நாள் அதில் மீன் குழம்பு வைத்துப் பார்க்கிறேன் என்று நானாகக் கேட்டு வாங்கினேன். குழம்பு நன்றாகத்தான் வந்தது. இறக்கி வைக்கும்போது மேடை ஈரமாக இருந்ததைக் கவனிக்கவில்லை. ‘டப்’ என்று ஒரு சத்தம். சட்டி இரண்டாகப் பிளந்து, குழம்பு அடுப்புக்கு அடியில் ஓடியது.

துண்டுகளை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், துண்டுகளைப் பார்த்தாள்.

“உடைஞ்சா உடையட்டும் அக்கா. உடையலன்னா எங்க சித்திக்கு ஏது வேலை?” என்றாள்.

அவள் சிரித்ததால் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. அந்த வாரமே கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் லிட்டில் இந்தியா முழுக்க அலைந்தேன். பொங்கல் பானை இருந்தது, சிவப்புச் சட்டி இருந்தது. கறுப்பு இல்லை. திரும்பி வந்து, நாமே ஒன்று செய்தால் என்ன என்று கேட்டேன். அவள் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். சின்ன வயதில் பள்ளிவிட்டு வந்தால் கையில் கூழாங்கல்லைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்களாம். அந்தத் தேய்ப்பிலிருந்து தப்பிக்கவே படித்து வெளிநாடு வந்தேன் என்றாள்.

ஆனால் இரண்டு நாள் கழித்து, பூச்சோங்கில் ஒரு கடையிலிருந்து பத்துக் கிலோ களிமண்ணோடு லிஃப்டிலிருந்து இறங்கியவளும் அவள்தான்.

இரண்டு கதவுகளுக்கும் நடுவே நடைபாதையில் பழைய நாளிதழ் விரித்து உட்கார்ந்தோம். கவிழ்த்த தட்டின் மேல் மண்ணைத் தட்டி அடிப்பாகம் செய்வாள். பிறகு மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, சுற்றிச் சுற்றி வைத்து இழைத்து உயர்த்துவாள். இருபது வருடம் தொடாத வேலை என்றாளே தவிர, அவள் விரல்கள் ஒரு இடத்திலும் யோசிக்கவில்லை. என் சட்டி மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, யாரையோ ஒட்டுக்கேட்பது போல இருந்தது. தேய்க்கக் கல் வேண்டுமே என்று தேடியபோது, தெருக்கோடி வளர்ப்பு மீன் கடையில் கண்ணாடித் தொட்டிக்குப் போடும் கூழாங்கற்கள் கிடைத்தன. செம்மண் குழம்பு பூசி, டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டே நான் தேய்த்தேன். எனக்கு அது பிடித்துப்போனது. அவளுக்குத்தான் ஆச்சரியம்.

ஆறு சட்டிகள் ஆயின. அடுக்குமாடியில் சூளை வைக்க முடியுமா? கிள்ளானில் காப்பார் பக்கம் இருக்கும் என் தம்பி வீட்டைக் கேட்டேன். பின்னால் காலி நிலம். பக்கத்தில் மாடு வளர்க்கும் ஒருவரிடம் இரண்டு சாக்கு வரட்டி சொல்லி வைத்தான். என்ன ஹோமம் என்று அவர் கேட்டாராம். சட்டி சுட என்றதும் நம்பாமல், சாக்கைத் தூக்கிக்கொண்டு தானே பார்க்க வந்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மதியமே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. சட்டிகள் இன்னும் நன்றாகக் காயவில்லை, ஒரு வாரம் போகட்டும் என்றாள் அவள். எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று வாரம் காய்ந்தது போதாதா, மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். நெருப்பு மூட்டிக் கால் மணி நேரத்தில் ‘படார்’ என்று ஒன்று வெடித்தது. அடுத்த நிமிடம் இன்னொன்று. தம்பி மனைவி கையிலிருந்த தேநீர்த் தட்டோடு வீட்டுக்குள் ஓடினாள். கொலம்பியாக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

மிச்சம் நான்கும் சிவக்கச் சிவக்க வெந்ததும், நீளமான கம்பியால் ஒவ்வொன்றாகத் தூக்கி ஒரு தகர டிரம்முக்குள் வைத்தாள். மேலே வரட்டித் தூளைக் கொட்டி மூடியைப் போட்டாள். காற்று போகாமல் உள்ளேயே புகைந்தால்தான் கறுப்பு ஏறும். மூடியின் இடுக்கு வழியாக மஞ்சள் புகை எழுந்து தாமான் குடியிருப்பு முழுக்கப் பரவியது. யாரோ போன் செய்துவிட்டார்கள். சைரன் சத்தத்தோடு தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்றது.

“அக்கா, பொம்பா வந்துட்டாங்க. நீயே பேசு லா, நான் வரல” என்று தம்பி நகர்ந்துவிட்டான்.

எனக்கு வியர்த்துவிட்டது. அவளோ ‘பொம்பா’ என்ற மலாய்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஸ்பானிஷிலும் தீயணைப்பு வீரரை ‘பொம்பேரோ’ என்பார்களாம்.

வண்டியிலிருந்து இறங்கிய அதிகாரி மலாய்க்காரர், நடுத்தர வயது. திறந்த வெளியில் இப்படி எரிப்பது குற்றம் தெரியுமா என்று கண்டிப்பாகக் கேட்டார். தெரியும், தப்புதான் என்றேன். ஆள் ஒருவர் தண்ணீர்க் குழாயை இழுத்தார். அப்போதுதான் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு டிரம்முக்கு முன்னால் போய் நின்றாள். தன் அரைகுறை மலாயில், உள்ளே சட்டி இருக்கிறது, இப்போது தண்ணீர் பட்டால் எல்லாம் உடைந்துவிடும், பத்து நிமிடம் கொடுங்கள் என்றாள்.

அதிகாரி டிரம்மைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து வரட்டியை முகர்ந்தார். கறுப்பாக்கவா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் பேராக் மாநிலத்துக்காரராம். அவர் ஊரில் தண்ணீர் வைக்கும் கறுப்புக் குடுவை செய்வார்கள், சுட்ட சூட்டோடு நெல் உமியில் போட்டுப் புதைப்பார்கள் என்றார். சாணத்தில் செய்வதை இன்றுதான் பார்க்கிறாராம். குழாயைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்றார். அவள் ஊர்ச் சூளையைப் பற்றி அவர் கேட்க, அவர் ஊர் உமியைப் பற்றி இவள் கேட்க, பத்து நிமிடம் இருபதாகிவிட்டது. கடைசியில் வெளிச் சாம்பலை மட்டும் நனைத்து அணைத்தார்கள். இனிமேல் கேட்காமல் எரிக்கக்கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். மழையும் சரியாக அப்போதுதான் வந்தது.

ஆறியதும் மூடியைத் திறந்தோம். ஒன்றில் விரிசல். இரண்டில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு. ஒன்று மட்டும் முழுக்கக் கறுப்பு, அது என்னுடைய சாய்ந்த சட்டி. அதை அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சட்டை நுனியில் துடைத்தாள், மடியிலேயே வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை கீழே இறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அரிசிக் கஞ்சி காய்ச்சிப் பழக்கிய அந்தச் சட்டியில் அவள் ஊர்ப் பீன்ஸ் சமைக்கத் தம்பி வீட்டில் கூடினோம். அவருக்கு வீடு தெரியுமே என்று, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து அந்த அதிகாரிக்கும் சொல்லியனுப்பியிருந்தோம். வருவார் என்று நினைக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் மனைவியோடு வந்தார், முன்னால் ஒரு மூட்டை உமி. பீன்ஸை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவர் மனைவி, தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்பல் இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். தம்பி மனைவி எழுந்து போய்ச் சம்பல் எடுத்து வந்தாள். அதன் பிறகு எல்லோரும் இரண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டோம், கொலம்பியாக்காரி உட்பட.