ஓட்டை தேடிய சிவனேசன் அண்ணை

சுவிஸின் பீல் நகரில் எங்கள் சனத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், யார் வீடு மாறினாலும், செய்தி என்னிடம் வந்துதான் ஊருக்குப் போகும். சென்ற செவ்வாய் காலை பஸ்ஸில் இருந்தபோது சிவனேசன் அண்ணையின் மனைவி அழைத்தார். "தம்பி, அவர் விடிய எழும்பேல்லை" என்றார். அந்தச் செய்தியை மட்டும் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இறங்க வேண்டிய தரிப்பிடத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

அண்ணை அகதியாக வந்த புதிதில் லுசேர்ண் ஹோட்டலொன்றில் கோப்பை கழுவியவர். பிறகு இங்கேயே, வடிவங்களையும் அவற்றின் ஓட்டைகளையும் ஆராயும் இடத்தியல் என்னும் கணிதத்தில் ஆராய்ச்சி செய்து, எங்கள் கைக்கடிகாரத் தொழிற்சாலையின் மென்பொருள் பிரிவுக்கு வந்தார். ஒரே நேரத்தில் ஓடும் புரோகிராம்களைப் படமாகக் கீறி, படத்தில் ஓட்டை தேடுவார். "அண்ணை கம்ப்யூட்டருக்குச் சாதகம் எழுதுறார்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான். அது அவருக்கும் தெரியும். "தம்பி, என்ரை சாதகத்திலை இண்டைக்கு என்ன புதுசு?" என்று கன்டீனில் கேட்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் சோதனைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. வீட்டில் கைக்குழந்தை. இரண்டு இயந்திரக் கைகள் கடிகாரம் பூட்டும் புரோகிராம் நான் எழுதியது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு தட்டு, ஓர் இடுக்கி. தொழிற்கூடத்தில் அது சிலவேளை உறைந்து நின்றது. காரணம் கண்டுபிடிக்காவிட்டால் வேலை போய்விடும்.

"ஆயிரந்தரம் ஓட்டிப் பார்த்திட்டன் அண்ணை, என்ரை மேசையிலை ஒருக்காலும் நிக்கேல்லை."

"ஆயிரந்தரமும் ஒரே பக்கத்தாலை போயிருப்பீர்."

தாளை எடுத்தார். இடமிருந்து வலமாக ஒரு கையின் வேலை. கீழிருந்து மேலாக மற்றக் கையின் வேலை. இரண்டு கையும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டிவரும், நடக்கவே முடியாத இடங்களைக் கறுப்பாக்கினார். நடுவில் சிலுவையொன்று வந்தது. அச்சொட்டாக சுவிஸ் கொடி.

"பாரும், உம்மடை புரோகிராமுக்குக் குடியுரிமை கிடைச்சிட்டுது. இந்த ஓட்டைக்கு மேலாலை போற பாதையெல்லாம் ஒரு சாதி, கீழாலை போறதெல்லாம் இன்னொண்டு. சாதிக்கு ஒண்டா ரெண்டு சோதனை போதும். ஆனா சிலுவையின்ரை இந்தக் கீழ் இடது மூலைக்குள்ளை விழுந்தால் முடிஞ்சுது, முன்னாலை சிலுவை. நேரம் பின்னாலையும் போகாது."

அந்த மூலையில் இடக்கை தட்டை எடுத்துக்கொண்டு இடுக்கிக்குக் காத்திருந்தது. வலக்கை இடுக்கியோடு தட்டுக்குக் காத்திருந்தது.

"கோயில் அன்னதானத்திலை நீர் சாம்பார் வாளியோடையும் நான் அகப்பையோடையும் நிண்டமாதிரி. நீர் அகப்பையைத் தாங்கோ எண்டீர், நான் வாளியைத் தாரும் எண்டன். சனம் வெறுஞ்சோறு திண்டது."

இரண்டு கையும் முதலில் தட்டைத்தான் எடுக்க வேண்டும் என்று மாற்றினோம். ஒரே ஒரு வரி.

"மனேஜரிட்டை மெஷின் பிழை எண்டு சொல்லுவமோ அண்ணை?"

"பிழை உம்மடை. நீரே சொல்லும். படத்தை நான் கொண்டு வாறன்."

சொன்னேன். படத்தை நெடுநேரம் பார்த்த மேலாளர், யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். "இவர்தான். கீறினது மட்டும் நான்" என்று தமது சுத்தமான ஜெர்மனில் அண்ணை சொன்னார். அந்தப் பொய்யில்தான் இன்றுவரை என் வீட்டில் அடுப்பு எரிகிறது. உண்மையை நான் எவருக்கும் சொன்னதில்லை. ஊர்ப்புதினம் முழுவதும் காவித் திரிந்த வாய், அதற்கு மட்டும் திறக்கவில்லை.

நேற்றுத் தகனம் முடிந்து தொழிற்சாலைக்குத் திரும்பினோம். அவர் நினைவாக அந்த இயந்திரத்தை ஒரு நிமிடம் நிறுத்தலாமா என்று மேலாளர் கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். "அது நிற்காமல் ஓடச் செய்தவர் அவர். நான் இல்லை."

மேலாளர் இயந்திரத்தை ஓடவிட்டார். எல்லோரும் சுற்றி நின்றோம். ஒரு கை தட்டை வைத்தது. மற்றது எடுத்தது.

போய் வாருங்கள், அண்ணை.