வாடையே இல்லாத கழிவுநீர் நிலையம்

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் சுருளி அருவியைப் பற்றி எழுதுவார்கள். நான் போனது சாக்கடையை அளக்க. 2009 நவம்பரில், அங்கே ஓர் ஊரின் (பெயர் வேண்டாமே) பழைய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இன்னும் தாங்குமா, புதிது கட்ட வேண்டுமா என்று பார்த்துச் சொல்லும் வேலை.

காலை ஐந்தேகாலுக்கு மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். தேனிக்கு 75 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு வேறு பஸ், கடைசியில் நாற்பது ரூபாய்க்கு ஆட்டோ.

“அங்கன எதுக்குண்ணே? எல்லாரும் அருவிக்குல்ல போவாக!” என்றார் ஆட்டோக்காரர்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்லப்பாண்டி வாசலைப் பெருக்கி, பிளீச்சிங் பவுடர் தூவி வைத்திருந்தார். வீட்டிலிருந்து சாப்பாடு வேறு. வாடையே இல்லை! எனக்கு ஆச்சரியம்தான், ஆனாலும் கோழிக்குழம்பை ஒரு கை பார்த்தேன். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை, உள்ளே வரும் வாய்க்காலில் மணிக்கொரு தடவை அளந்தேன். தண்ணீர் ஒன்பது சென்டிமீட்டரைத் தாண்டவே இல்லை.

“தாராளமாத் தாங்கும். புதுசு தேவையில்ல” என்றேன்.

மனிதர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். “ஐயையோ, அப்படி எழுதிப்புடாதீக சார்! தினமும் காலையில பொங்கி வழிஞ்சு பின்னால காலனிக் கிணத்துல விழுகுது. நாலு வருசமா மனுக் கொடுத்து இப்பத்தான் உங்கள அனுப்பியிருக்காக.”

“அப்ப தண்ணி எங்கய்யா?”

தலையைச் சொறிந்தார். “மதுரையில இருந்து வாறீக. இந்த வாடையில உங்களுக்குச் சோறு எப்புடி எறங்கும்? அதான் ஊருக்குள்ள இருந்து சாக்கடைய இங்க தள்ளுற பம்பு ரூம்ல, ரெண்டு மோட்டார்ல ஒண்ண நிறுத்தச் சொன்னேன். அளக்குறதுன்னா தொட்டியோட நீள அகலத்தத்தானே அளப்பீகன்னு நெனச்சேன்.”

கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பும் வந்து தொலைத்தது. ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு லாட்ஜில் தங்கினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இரண்டு மோட்டாரையும் ஓடவிடச் சொன்னார். அப்பப்பா, குடலைப் பிடுங்கும் வாடை! ஏழு பத்துக்கு வாய்க்காலில் முப்பத்தொரு சென்டிமீட்டர். தொட்டிச் சுவரைத் தாண்டிக் கறுப்பாக வழிந்து கிணற்றுப் பக்கம் ஓடியது. காலிக் குடத்தோடு வந்த ஒரு பெண் என் பக்கத்தில் நின்றார். காலனிக் கிணறு கெட்டுப்போனதால், குடிக்கத் தண்ணீர் எடுக்க அந்த அம்மா ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

“எழுதிட்டீகளா?”

“எழுதிட்டேம்மா.”

“எங்க, வாசிங்க.”

‘புதிது கட்டியே ஆக வேண்டும்’ என்று எழுதியிருந்ததை வாசித்தேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்களுக்கு: கையில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கே அளக்க ஆரம்பியுங்கள், சாப்பாடு அப்புறம். முக்கியமாக, வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். நம் ஆட்கள் உபசரித்தே கொன்றுவிடுவார்கள். அன்றைக்கு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்திருந்தால், கோழிக்குழம்பு ஏப்பத்தோடு ‘புதிது தேவையில்லை’ என்று நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்த அம்மா நடந்துகொண்டே இருந்திருப்பார்.