மாடி வீட்டு ஓநாய்

முத்திருளன் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், தெருவுக்கே சேதி போய்விடும். மாவுமில் வாசலில் படுத்திருக்கும் செவலை நாய் முதலில் தலையைத் தூக்கும். அப்புறம் டிரான்ஸ்பார்மர் அடியில் கிடக்கிற ரெண்டும் எழுந்து நிற்கும். கடைசியாக டைகர். டைகர் மற்றதுகள் மாதிரிக் குரைக்காது. கழுத்தை வானத்துக்கு நீட்டி ஊளையிடும். சோற்றுத் தூக்கோடு வீட்டுக்குப் போகிற ஒரு மனுசனுக்கு இத்தனை மேளதாளம் எதற்கு? மந்திரி வந்தால்கூட இந்தத் தெருவில் இவ்வளவு வரவேற்பு இருக்காது.

அவன் ஓடமாட்டான். கல்லையும் எடுக்கமாட்டான். குனிந்த தலை நிமிராமல் நடந்து, ஜேசுராஜ் வாத்தியார் வீட்டு கேட்டைத் திறந்து, பக்கவாட்டுப் படியேறி மாடி போர்ஷனுக்குப் போய்விடுவான். கோபம் வருவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமில்லையா.

கே.கே. நகருக்கு வருவதற்கு முன்னால் செல்லூர், அதற்கு முன்னால் ஆரப்பாளையம், அதற்கும் முன்னால் ஒரு சந்து. எல்லா இடத்திலும் இதே கதைதான். நாய்ச் சத்தத்தில் தெரு தூங்காது. தெரு தூங்காவிட்டால் வீட்டுக்காரர் வந்து நிற்பார். எவரும் நாயைச் சொல்லமாட்டார். வெள்ளையடிக்கணும் என்பார் ஒருத்தர், துபாயிலிருந்து மகன் வாரான் என்பார் இன்னொருத்தர். சட்டிபானையைக் கட்டவேண்டியதுதான். இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கு, சேலையில் சுற்றிய டிவியை இறக்கி வைத்துவிட்டு அவன் பெண்டாட்டி பாண்டியம்மாள் சொன்னாள்:

"இந்தாருய்யா, இதான் கடைசி. இன்னொருக்கா நான் சாமானத் தூக்குனேன்னா அது நேரா எங்கண்ணன் வீட்டுக்குத்தான் போகும். நீ ஒன் வேன்லயே படுத்துக்க."

வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை அவள். சொன்னால் செய்துவிடுவாள். அது முத்திருளனுக்கு நல்லாவே தெரியும்.

அவன் நாய் பிடிக்கிறவன். வேறு ஒன்றுமில்லை. செல்லம்பட்டிப் பக்கம் அப்பன் விட்டுப்போன நிலம் இருந்தது. கிணறு வற்றியது, நிலம் கைமாறியது. ஒன்றுவிட்ட மச்சான் தங்கப்பாண்டி, "ஆடு மாடு புடிக்கிற கைதான மாப்ள ஒனக்கு, நாய்க்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு?" என்று சொல்லி வேனில் ஏற்றிவிட்டான். கார்ப்பரேஷன் காண்ட்ராக்ட் வேலை. கோழி ஈரலைக் காட்டிக் கிட்டக் கூப்பிடுவது, வலையை வீசுவது, கூண்டில் ஏற்றுவது. டாக்டர் கருத்தடை ஆபரேஷன் செய்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டிவிடுவார். புண் ஆறினதும் எந்தத் தெருவில் பிடித்ததோ அதே தெருவில் கொண்டுபோய் விடவேண்டும். அது சட்டம். மனுசனைப் பிடித்துக்கொண்டு போனால்கூட இவ்வளவு ஒழுங்காகத் திருப்பி விடுவார்களோ என்னவோ.

நாய் மறக்குமா? மறக்காது. அவன் என்னதான் தேய்த்துக் குளித்தாலும், நூறு நாய் பயந்த பயம் அவன் மேல் வாசமாக ஒட்டியிருக்கும். நமக்குத் தெரியாது, அதுகளுக்குத் தெரியும். ரெண்டு கையிலும் பல் பதிந்த தழும்பு. பத்தாததற்கு ஆளும் கரடி மாதிரி. காதில் முடி, தோளில் முடி, புறங்கையில் முடி. தலையில் மட்டும்தான் இல்லை.

"நாய் புடிக்கிறவருன்னு சொன்னா எவன்யா வீடு குடுப்பான்? பாதிப் பேரு பாவம்பான், மீதிப் பேரு எந்தெரு நாயப் புடிச்சிட்டுப் போன்னு கழுத்துல துண்டப் போடுவான்" என்று பாண்டியம்மாள்தான் பொய்யைச் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீர் சப்ளையில் வேலை என்று வாத்தியாரிடம் சொல்லியாயிற்று.

வாத்தியார் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு. அவர் சம்சாரம் ஜாய்ஸும் டீச்சர்தான். வீடு பேசும்போது வாத்தியார் ஒன்றுதான் கேட்டார்.

"சாமியாட்டம், உடுக்கை, குறின்னு எதுவும் இருக்காதுல்ல? பிள்ளை பத்தாவது படிக்கிது."

"எங்க வீட்டுக்காரரு சத்தமாத் தும்மக்கூட மாட்டாரு சார்" என்றாள் பாண்டியம்மாள்.

இந்தப் பேச்சால் இன்னொன்றையும் மறைக்கவேண்டி வந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி முத்திருளன் திருப்பரங்குன்றம் போய் மலையைச் சுற்றி வருவான். வேதக்காரர் வீட்டில் குடியிருந்துகொண்டு எதற்கு வம்பு என்று, திருநீறு பூசாமல், சொல்லாமல், செருப்பில்லாமல் சாயங்காலம் இறங்கிப் போவான். விடிந்துதான் வருவான், காலெல்லாம் புழுதியாக.

வாத்தியாரின் மகள் ரூத் இதையெல்லாம் கீழ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குப் புஸ்தகத்தைத் தவிர எல்லாம் கண்ணில் படும். ஆளைக் கண்டால் நாய் ஊளையிடுகிறது. பையில் ரத்தவாடை வீசுகிறது. உடம்பெல்லாம் முடி. கையில் பல் தடம். முழுநிலா அன்றைக்கு ஆளையே காணோம். போனைத் தட்டிப் பார்த்தாள், போனும் ஆமாம் என்றது. மாடி வீட்டுக்காரர் ஓநாய் மனுசன்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தாள்.

ஒருநாள் முத்திருளன் படியேறும்போது வழியை மறித்து, "அங்கிள், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று டம்ளரை நீட்டினாள். அந்தத் தெருவில் அவனுக்குத் தண்ணீர் கொடுத்த முதல் ஆள் அவள்தான். சந்தோசமாக வாங்கி அண்ணாந்து ஊற்றினான். கடைசி மடக்கில் பல்லில் எதுவோ இடித்தது. வெள்ளிக் கொலுசு.

"பாப்பா, ஒங் கொலுசு டம்ளருக்குள்ள விழுந்துருச்சு போல."

ரூத் அவன் வாயையே பார்த்தாள். "தொண்டை எரியுதா அங்கிள்?"

"இல்லயேப்பா. மோட்டார் தண்ணியா?"

கொலுசை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அவன் இதைச் சிரிப்பாகப் பாண்டியம்மாளிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. "வெள்ளிய முக்குன தண்ணிய ஒனக்கு எதுக்குய்யா குடுக்குறாக?" என்றாள்.

பிறகு ஒருநாள் காலையில் மாடி வாசலைத் திறந்தால், நிலைப்படியை ஒட்டிக் கல்லுப்பு கோடாகக் கொட்டிக் கிடந்தது. நடுவில், குறுக்கும் நெடுக்குமாக மடித்த காய்ந்த ஓலை ஒன்று. பாண்டியம்மாள் தாண்டவில்லை. அப்படியே நின்றாள்.

"வச்சுட்டாகய்யா."

"என்னத்த?"

"செய்வினை. எனக்கு அப்பவே தெரியும். வேதக்காரகளுக்கும் மந்திரம் இருக்கு, நமக்குத்தான் தெரியாது."

"ஏத்தா, காத்துல பறந்து வந்திருக்கும்."

"உப்பும் பறந்து வந்துச்சாக்கும்?"

அன்றைக்கே அவள் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கவிழ்க்க ஆரம்பித்தாள். வீடு மாறும்போதுதான் அப்படித் தேய்ப்பாள். முத்திருளனுக்கு அந்தச் சத்தம் நாய்ச் சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் விசயம் வெடித்தது. வாத்தியார் குடும்பம் சர்ச்சிலிருந்து வந்து, கீழே கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாடிக் கொடியில் முத்திருளனின் துண்டு காய்ந்தது. ரூத் பூனை மாதிரி ஏறிவந்து, துண்டில் ஒட்டியிருந்த முடியைப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டாள். பாண்டியம்மாள் பார்த்துவிட்டாள். ஒருத்தர் முடியை இன்னொருத்தர் எடுத்தால் அது எதற்கென்று செல்லம்பட்டியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"ஏ பிள்ள, கையத் தொற! தொறங்கிறேன்ல!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே படியிறங்கினாள். "ஏ வாத்தியாரே, வெளிய வாங்க! பெத்த பிள்ளைய விட்டு முடி எடுக்கச் சொல்லிருக்கீகளே, கும்புட்டுட்டு வந்த சேலையக்கூட மாத்தலயே, அதுக்குள்ள செய்வினையா?"

ஜாய்ஸ் டீச்சர் கரண்டியோடு ஓடிவந்தார். "செய்வினையா? என்ன பேச்சுப் பேசுறீங்க? நாங்க ஜெபம் பண்றவங்க!"

"அப்ப வாசல்ல உப்பக் கொட்டி ஓலைய வச்சது யாரு, என் மாமியாளா?"

பாண்டியம்மாள் இடுப்பிலிருந்து எடுத்து நீட்டியதை டீச்சர் பார்த்தார். குருத்தோலை ஞாயிற்றுக்கு மடித்த சிலுவை. இயேசு படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தது.

"ரூத்!"

பிள்ளை அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "அவரு மனுஷனே இல்லம்மா! பௌர்ணமியானா ஓநாயா மாறிடுவாரு. டைகருக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியல. வெள்ளி பட்டா எரியும்னு போன்ல போட்டிருந்துச்சு, எரியல. அதான் உப்பையும் சிலுவையையும் தாண்டி வர்றாரான்னு வச்சுப் பாத்தேன்!"

பாண்டியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இவரா? ஓநாயா? அடிப்போடி இவளே! இந்த மனுசன் ஓநாயா இருந்தா நான் எதுக்கு ரேசன் அரிசில கல்லுப் பொறுக்குறேன்? நிதம் ஒரு ஆட்டக் கவ்விட்டு வந்திருக்க மாட்டாரா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியார் சிரிக்கவில்லை. "சயின்ஸ்ல முதல் மார்க் வாங்குற பிள்ள பேசுற பேச்சா இது?" என்று மகளை அதட்டிவிட்டு, சத்தம் கேட்டு இறங்கிவந்து படியில் நின்ற முத்திருளன் பக்கம் திரும்பினார். "இருந்தாலும் கேக்குறேன். நாய் ஏன் உங்களக் கண்டா இப்பிடிக் கத்துது?"

பாண்டியம்மாள் கண்ணைக் காட்டினாள். தண்ணீர் சப்ளை, பைப்புப் பள்ளம், சாக்கடை வாடை. ஏற்கெனவே மூன்று வீட்டில் சொன்னதுதான். சொன்னால் வாத்தியார் நம்பிவிடுவார், வீடு நிற்கும். ஆனால் அந்தப் பிள்ளை இன்னும் அம்மா முதுகுக்குப் பின்னால் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணில் பயம். கூண்டுக்குள் போகிற நாயின் கண்ணில் அவன் தினமும் பார்க்கிற அதே பயம். பகலெல்லாம் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதுதானா? அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். பொய்யைத் தூக்கித் தூக்கித் தோள் இற்றுப்போயிருந்தது.

"நான் நாய் புடிக்கிறவன் சார்."

பாண்டியம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"இந்தத் தெரு நாய்களையும் போன வருசம் நான்தான் புடிச்சேன். அதுக மறக்கல. அம்புட்டுத்தான். பௌர்ணமிக்குக் குன்றத்துக்குப் போறேன். ஒங்க வீட்டுல குடியிருந்துக்கிட்டுச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

ரூத் அழுகையை நிறுத்தினாள். "டைகரோட காத வெட்டுனது நீங்களா?"

"வெட்டுனது டாக்டரும்மா. புடிச்சது நான்."

டைகர் அவள் பிஸ்கட் போட்டு வளர்க்கிற நாய். ஓநாயாக இருந்திருந்தால்கூட அந்தப் பிள்ளை மன்னித்திருக்கும் போல. உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டது.

வாத்தியார் முகம் மட்டும் வெளிச்சமாகிவிட்டது. "இத முன்னயே சொல்றதுக்கென்ன? அப்ப இந்த நாய்களயெல்லாம் ஒரேயடியாக் கொண்டுபோயிரலாம்ல? அசோசியேசன்ல நான் சொன்னா..."

"கொண்டுபோனாலும் இங்கனயே கொண்டாந்து விடணும் சார். சட்டம்."

"யாருக்குத் தெரியப்போகுது? தள்ளிக் கொண்டுபோய் விட்டுருங்க. வீட்டப் பத்தி யோசிக்கவே வேணாம், எத்தன வருசம் வேணாலும் இருங்க."

முத்திருளன் பெண்டாட்டியைப் பார்த்தான். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேறு தெருவில் விட்ட நாய் என்னவாகும் என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தெரு நாய்கள் அதைக் கிழித்துப் போட்டுவிடும். அவன் தலையை ஆட்டினான். "முடியாது சார். வேணும்னா நாங்க காலி பண்ணிக்கிறோம்."

பாண்டியம்மாள் சேலை முந்தியை இடுப்பில் இழுத்துச் சொருகினாள். படியேறிச் சாமானைக் கட்டத்தான்.

"நில்லுங்க பாண்டியம்மா" என்றார் ஜாய்ஸ் டீச்சர். குழம்பு அடிப்பிடிக்கிற வாடை வந்துவிட்டது, அவருக்கு அந்த அவசரம். "என்னங்க, புதுசா ஒரு குடித்தனத்தத் தேடி, அது தண்ணியப் போட்டுட்டுக் கத்துதா, விடிய விடிய டிவி போடுதான்னு பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியாது. பேப்பர் திருத்தவே நேரமில்ல. நாய் இவருக்குக் குரைக்கலேன்னா பால்காரனுக்குக் குரைக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

வாத்தியார் முனகினார். ஆனால் அந்த வீட்டில் டீச்சர் சொன்னதற்கு மேல் பேச்சு கிடையாது. பாண்டியம்மாள் மாடிக்குப் போய், கவிழ்த்து வைத்த பாத்திரங்களை நிமிர்த்தி அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே புருசனைத் திட்டினாள். முத்திருளன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன், திட்டு முடிவதற்கு முன்னாலேயே தூங்கிப்போனான்.

ரூத் அவனிடம் பேசவில்லை. எதிரே வந்தால் விலகிப் போவாள். ஆனால் பார்வையில் அந்தப் பழைய பயம் இல்லை, வெறும் கோபம்தான். கோபம் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த பௌர்ணமி சாயங்காலம் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு படியிறங்கினான். கேட்டுக்கு வெளியே ரூத் டைகருக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தாள். டைகர் மூக்கைத் தூக்கியது.

"குன்றத்துக்கா?" என்றாள் நிமிராமல். அங்கிளும் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஆமாம்மா."

"சாமி கும்பிடவா?"

முத்திருளன் யோசித்தான். "சாமியும் கும்புடுவேன். அங்கன அம்புட்டுக் கூட்டம், சூட வாசம், பூ வாசம். ஒரு நாயும் என்னையத் திரும்பிப் பாக்காது. அதுக்குத்தான் போறேன்."

டைகர் கழுத்தை நீட்டி ஊளைக்கு மூச்சு இழுத்தது. அவள் அதன் வெட்டுப்பட்ட காதோடு சேர்த்துத் தலையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் போங்க, கை வலிக்குது" என்றாள்.

டைகர் உறுமிக்கொண்டுதான் இருந்தது. முத்திருளன் கேட்டைச் சாத்திவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். சீக்கிரமாகப் போகச் சொல்லியும், அந்தத் தெருவில் முதல் தடவையாக, மெதுவாகத்தான் போனான்.